வண்டல் போன வழி

தேயிலை மலைகளில் மண்ணைக் காப்பதுபற்றி இவ்வளவு பேசப்படுவதற்குக் காரணம் அந்தச் சரிவுதான். இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரா தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். அதற்கு முன்பே கோப்பிக்காக மலைக்காடுகள் பெருமளவு அழிக்கப்பட்டிருந்தன. கோப்பியை இலைநோய் அடித்துப்போன பிறகு அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. ஒரு புல்கூடத் தெரியாமல் சுரண்டி வைத்த தரைதான் நல்ல தோட்டத்தின் அடையாளம் என்று துரைமார் நெடுங்காலம் நம்பினார்கள். அப்படி மொட்டையாகக் கிடந்த தரையில் மலைமழை விழுந்தபோது மேல்மண் ஓடையில் இறங்கி, ஆற்றில் சேர்ந்து, கீழே நெல் விளைந்த பள்ளத்தாக்குகளை மேடாக்கியது. தவறு புரிவதற்கு இரண்டு மூன்று தலைமுறை ஆயிற்று. கான் என்ற வடிகால் வெட்டுவது, நிழல்மரம் வைப்பது, கவ்வாத்து செய்த கிளைகளைச் செடியடியிலேயே பரப்பி விடுவது என்று தோட்டங்கள் மெல்லப் பழகின. இலங்கை 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. நம் பக்கம் உதகமண்டலத்தில் 1954இல் மண் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் வந்தது. செங்கல்பட்டுச் சீமையில் தேயிலை விளையாது. மலை என்று சொன்னால் பாறைக்குன்றுகள்தான். ஆனால் மழையில் கரைந்து இறங்கும் மேல்மண்ணை என்ன செய்வது என்ற கேள்வி இந்த ஊருக்கும் இருந்தது. தேயிலைத் தோட்டம் நூறாண்டு தாமதமாகக் கண்டுகொண்டதை இந்தச் சீமை ஏரி என்ற ஏற்பாட்டுக்குள் முன்பே வைத்திருந்தது. ஏரியை வெறும் தண்ணீர்த் தொட்டியாகப் பார்க்கத் தொடங்கிய பிறகு அந்த ஏற்பாட்டின் பாதி நம் நினைவிலிருந்தே போய்விட்டது. இந்தக் கட்டுரை அந்தப் பாதியைப் பற்றியது.

நிலத்தின் தன்மையிலிருந்து தொடங்க வேண்டும். பாலாற்றுக்கு இருபுறமும் செங்கல்பட்டு, மதுராந்தகம், திருக்கழுக்குன்றம் வட்டாரங்களில் பெரும்பாலும் பாறைமேல் படர்ந்த செம்மண். பல இடங்களில் செம்பொறை கலந்தது. மணற்சத்து மிகுந்த இந்த மண் தண்ணீரைப் பிடித்து வைக்காது, உரத்தையும் பிடித்து வைக்காது. ஆண்டு மழை ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும், அதுவும் புயல் சின்னம் உருவாகும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். காய்ந்து இளகிக் கிடக்கும் செம்மண்ணின்மேல் திடீரென்று விழும் அந்த மழை மண்ணைக் கரைத்துக்கொண்டு சிவப்பாக ஓடும். சரிவு மெல்லியதுதான். ஆனால் மெல்லிய சரிவில் மண் போவது கண்ணுக்குத் தெரியாது என்பதே அதன் ஆபத்து. மலையில் ஒரு மண்சரிவு விழுந்தால் மறுநாள் பத்திரிகையில் வரும். மேட்டுக்காட்டில் ஆண்டுக்கு ஒரு மயிரிழை கனம் போனால் எந்தக் கணக்கிலும் ஏறாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, பள்ளத்திலிருந்து கடலுக்கு என்று போகும் அந்த வழியை மறித்துக் குறுக்கே போட்ட மண்கரைதான் ஏரி. ஒன்றன்கீழ் ஒன்றாக, மேலேரியின் கலங்கல் வழிந்து கீழேரியின் வரத்துக்காலில் சேர்வதுபோல் அவை சங்கிலியாக அமைந்தன. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்று அழைத்தது வெறும் புகழ்ச்சியில்லை. 2019 நவம்பரில் பிரிக்கப்பட்ட இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் மட்டும் நீர்வளத் துறையின் பொறுப்பில் 528 ஏரிகள் உண்டு. ஊராட்சி ஒன்றியத்தின் சிற்றேரிகள் தனிக்கணக்கு.

தண்ணீர் ஏரிக்குள் வந்ததும் வேகம் குறைகிறது. வேகம் குறைந்ததும் சுமந்து வந்ததை இறக்குகிறது. கனமான மணலும் சரளையும் வரத்துக்கால் வாயிலேயே நின்றுவிடும். நுண்ணிய களியும், மேட்டுக்காட்டின் சருகும் சாணமும் மக்கிய சத்தும் உள்ளே பயணம் செய்து கரையோரத்து ஆழப்பகுதியில் படியும். இதுதான் வண்டல். தண்ணீரே சல்லடையாக நின்று சலித்துத் தரும் பொருள் என்று சொல்லலாம். செம்மண் வயலுக்கு எது குறைவோ அது இதில் இருக்கிறது: ஈரத்தையும் சத்தையும் பிடித்து வைக்கும் களி. கோடையில் மதகு வற்றியதும் வண்டியைக் கட்டிக்கொண்டு ஏரிக்குள் இறங்கி வண்டலை வெட்டி வயலுக்கு அடித்தார்கள். குயவர் பாண்டத்துக்கு எடுத்தார்கள். வீட்டுச் சுவருக்கும் செங்கல்லுக்கும் போயிற்று. மீதி கரைமேல் ஏறியது. இந்த ஒரே வேலையில் மூன்று காரியம் முடிந்தது. ஏரி ஆழமாயிற்று, கரை பலமாயிற்று, மேட்டிலிருந்து போன மண் ஆயக்கட்டுக்குத் திரும்பிற்று. தேயிலைத் தோட்டம் மண்ணை இருந்த இடத்திலேயே கட்டிப்போடப் பார்க்கிறது. இந்தச் சீமையோ மண் ஓடும் என்பதை ஒப்புக்கொண்டு, ஓடுகிற வழியில் அதற்கொரு தங்குமிடம் கட்டி, ஆண்டுக்கொருமுறை போய் அழைத்து வந்தது.

இது பின்னால் வந்த நாம் பெருமைக்காக ஏற்றிச் சொல்வதா என்று ஐயப்பட இடமுண்டு. சான்று என்ன சொல்கிறது? பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் பள்ளிப் பாடம்வரை வந்துவிட்டன. ஆனால் அந்தத் தேர்தல் எதற்காக நடந்தது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. குடும்பு என்ற முப்பது ஊர்ப்பிரிவுகளிலிருந்து தேர்ந்தவர்களில் ஆறு பேர் ஏரி வாரியத்துக்கு. பதவிக்காலம் 360 நாள். அதாவது ஊராட்சியின் முதன்மையான மூன்று வாரியங்களில் ஒன்றுக்கு ஏரி மட்டுமே வேலை. அவ்வூரின் வைரமேக தடாகத்தில் குழி கல்லி மண்ணைக் கரையில் அட்டுவதற்குப் பொன் முதலாக வைத்த செய்தி பல்லவர் காலத்திலேயே உண்டு. இப்படி ஏரிப் பராமரிப்புக்கென்று ஒதுக்கிய நிலத்துக்கு ஏரிப்பட்டி என்று பெயர். காஞ்சிக்கு அருகே கூரம் செப்பேடு, முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில் பரமேசுவர தடாகத்துக்குப் பாலாற்றிலிருந்து பெரும்பிடுகுக் கால் வெட்டியதைச் சொல்கிறது. வேறு சில ஊர்களில் தண்ணீர் நிற்கும்போதே ஓடம் விட்டு மண் எடுக்க ஏற்பாடு இருந்தது. இங்கே ஒருவர் குறுக்கிடலாம்: கல்வெட்டில் மண் போவது கரைக்குத்தானே, வயலுக்கு என்று எங்கே இருக்கிறது? கேள்வி நியாயமானது. ஆனால் கல்வெட்டின் இயல்பை நினைக்க வேண்டும். தானாக நடக்காத காரியத்துக்குத்தான் பொன் வைத்துக் கல்லில் வெட்டினார்கள். கரைக்கு மண் அட்டுவதில் தனி ஒருவருக்கு லாபமில்லை, ஆகவே அறக்கட்டளை தேவைப்பட்டது. தன் வயலுக்கு வண்டல் அடிப்பதில் ஒவ்வொருவருக்கும் லாபம் இருந்தது. அதற்கு ஏன் கல்லும் உளியும்? வண்டலை எருவாக அடிக்கும் வழக்கத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வேளாண் அறிக்கைகள் புதுமையாகச் சொல்லவில்லை, ஊரறிந்த பழக்கமாகவே சொல்கின்றன.

1763இல் ஆற்காட்டு நவாபு முகமது அலியிடமிருந்து இந்தச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வருவாய் மானியமாக, வந்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஏறக்குறைய இரண்டாயிரம் கிராமங்களை அளந்து கணக்கெடுத்தார். அந்தக் கணக்கில் ஊர் விளைச்சல் அரசுக்கும் குடிக்கும் என்று இரண்டாகப் பிரிந்துவிடவில்லை. களத்திலிருந்தே தச்சர், கொல்லர், வண்ணார், கணக்கர், வெட்டியான் என்று பலருக்கும், ஏரி மராமத்துக்கும் பங்கு போயிற்று. ஏரிக்கான பணம் எங்கோ ஒரு கருவூலத்தில் அனுமதிக்காகக் காத்திருக்கவில்லை, நெற்களத்திலேயே ஒதுக்கப்பட்டது. ஐதர் அலியின் படையெடுப்பிலும் 1780களின் பஞ்சத்திலும் அந்த ஒழுங்கு குலைந்தது. 1794இல் ஜாகீர் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் உடைந்த ஏரிகளைக் கண்டு பெரும் மராமத்து வேலை தொடங்கினார். மதுராந்தகம் ஏரியின் கரையை இராமனும் இலட்சுமணனும் நின்று காத்ததை அவர் கண்டதாகவும், அதனால் கோயிலில் தாயார் சந்நிதி கட்ட உதவியதாகவும் சொல்லும் கதை தெரியாதவர் அந்தப் பக்கத்தில் இல்லை; ஏரிகாத்த ராமர் கோயிலில் அந்தத் தருமம் அவருடையது என்று கல்லிலேயே எழுதியிருக்கிறது. கதையின் உண்மையை விசாரிப்பது என் வேலையில்லை. அது எதை நினைவில் வைத்தது என்பதே எனக்கு முக்கியம். ஒரு மழை இரவில் கரை உடையுமா என்ற திகில் கதையாயிற்று. சித்திரை வெயிலில் வண்டி வண்டியாக வண்டல் அடித்த ஆயிரம் பகல்கள் யாருக்கும் கதையாகவில்லை. கம்பெனியின் காகிதங்களிலும் இதே கோணல்தான். கரை, மதகு, கலங்கல் ஆகியவற்றுக்கு மதிப்பீடும் செலவும் உண்டு. ஏரியின் வயிற்றில் என்ன சேர்ந்தது, அது யாருடைய வயலுக்குப் போக வேண்டும் என்பதற்குப் பத்தி கிடையாது.

இந்தப் பார்வை எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்குச் சைதாப்பேட்டை நல்ல சாட்சி. அன்று செங்கல்பட்டு மாவட்ட நிர்வாகத்தின் தலைமையிடமாக விளங்கிய அவ்வூரில், ஆளுநர் வில்லியம் டெனிசன் 1860களில் ஒரு மாதிரிப் பண்ணை அமைத்தார். இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பைகள் உள்பட யந்திரங்கள் இறங்கின. ரயத்துக்கு உழவு தெரியாது, ஆழ உழுது காட்டுவோம் என்பது எண்ணம். மணற்பாங்கான அந்த மண்ணில் பண்ணை சோபிக்கவில்லை. அங்கே தொடங்கிய வேளாண் பள்ளி வளர்ந்து பின்னர் கோவைக்குப் போயிற்று. 1893இல் அறிக்கை வெளியிட்ட வோல்க்கர் என்ற வேதியியலாளர், நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்திய உழவன் பல இடங்களில் ஆங்கில உழவனுக்குக் குறைந்தவனில்லை, அவனுக்குக் குறைவு எருதான் என்ற முடிவுக்கு வந்தார். பண்ணைக்குச் சில மைல் தூரத்திலேயே எரு படிந்த ஏரிகள் பல இருந்தன. ஆனால் அவற்றைப் பார்த்தது வேறொரு துறை, வேறொரு கண்ணால். 1858இல் வந்த கட்டாய உழைப்புச் சட்டம் கரை உடையும் ஆபத்தில் ஊராரைப் பிடித்து வேலை வாங்க வழிசெய்தது. ஊரார் சேர்ந்து ஏரியைப் பராமரிக்கும் வழக்கமான குடிமராமத்தைச் செய்யத் தவறியவரிடம் அந்த உழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கு வசூலிக்கவும் இடம் கொடுத்தது. 1883இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கி ஒவ்வோர் ஏரியாக அளந்து வரைபடம் போட்டார்கள். அந்த வேலையின் நேர்த்தியை மறுக்க முடியாது. இன்றும் பல ஏரிகளின் அளவு விவரம் அதிலிருந்தே வருகிறது. ஆனால் தூர் எடுப்பது செலவுக்குக் கட்டாது என்பது பொறியாளர்களிடையே நிலைத்துப்போன கருத்தாயிற்று. தண்ணீரின் கணக்கில் மட்டும் பார்த்தால் அது சரியும்கூட. வெட்டிய மண்ணுக்கு விலையே இல்லை என்று வைத்துக்கொண்டால் எந்த வெட்டும் நட்டம்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்தக் கணக்கு திருத்தப்படும் என்று எதிர்பார்த்திருக்கலாம். நடந்தது வேறு. ஏரிப்படுகை ஏற்கெனவே அரசுப் புறம்போக்கு. 1957இல் கனிமங்கள் சட்டமும் 1959இல் சிறுகனிம விதிகளும் வந்தபின், ஏரியிலிருந்து மண் எடுப்பது கனிமம் எடுப்பதாயிற்று. மேட்டுக்காட்டிலிருந்து மழையோடு இறங்கி வந்த ஒருவர் வயலின் மேல்மண், ஏரிக்குள் விழுந்ததும் சட்டத்தின் கண்ணில் கனிமமாகிவிடுகிறது! திருட்டுத்தனமாக மண் அள்ளிய கூட்டத்தைத் தடுக்க விதி வேண்டும் என்பதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் விதியின் முள் முதலில் குத்தியது மாட்டுவண்டிக்காரனை. லாரி வைத்திருந்தவர் வழி கண்டுகொண்டார். 1980களில் சமூகக் காடுகள் திட்டத்தில் ஏரிப்படுகைகளில் கருவேல மரம் நிறைய நடப்பட்டது. விறகுக்கு அது உதவியது. வண்டி இறங்கும் இடத்தை வேர் அடைத்துக்கொண்டது. அதற்குள் சீமைக் கருவேலம் அழைக்காமலேயே வந்து சேர்ந்திருந்தது.

இந்த வாதத்துக்கு வரக்கூடிய மறுப்புகளில் மிகக் கனமானது சாதியைப் பற்றியது. குடிமராமத்து என்று இனிமையாகச் சொல்கிறோமே, கூடை சுமந்தது யார்? உத்திரமேரூர் ஏரி வாரியத்தில் உட்காரக் கால் வேலிக்குமேல் வரி செலுத்தும் நிலமும் வேதக் கல்வியும் வேண்டியிருந்தது. மண் வெட்டியவர் அந்தக் குடவோலையில் இல்லை. செங்கல்பட்டு மிராசுதாரர்களின் கீழ் பண்ணையாட்களாகக் கட்டுண்டு கிடந்த பறையர் மக்களின் நிலையை 1891இல் கலெக்டர் டிரெமென்ஹீர் எழுதிய குறிப்பு அரசின் மேசைக்குக் கொண்டுவந்தது. அதைத் தொடர்ந்து அந்த மக்களுக்கு நிலம் ஒதுக்கும் பஞ்சமி நில ஆணை 1892இல் பிறந்தது. ஏரி ஆழமாக இருந்ததற்கு அந்த அடிமைத்தனமும் ஒரு காரணம் என்பதை மறைத்துவிட்டு எழுதப்படும் குடிமராமத்து வரலாறு பாதிப் பொய். தன்னாட்சி பெற்ற கிராமம் என்ற சித்திரமே காலனிய அதிகாரிகளும் பின்னர் தேசியவாதிகளும் பூசி மெருகேற்றியது என்று ஆய்வாளர் டேவிட் மாஸ் காட்டியதும் பெரும்பாலும் ஏற்கத்தக்கது. ஆனால் இதிலிருந்து வண்டலே வேண்டாம் என்ற முடிவு வராது. தேயிலைத் தோட்டத்தில் கான் வெட்டியவர்களும் கடனில் கட்டுண்ட கூலிகள்தான். அதனால் கான் வெட்டுவது தவறாகிவிடவில்லை. மாற வேண்டியது கூலியும் உரிமையும். வண்டல் யார் நிலத்துக்குப் போகிறது என்பதும்கூட அந்தக் கேள்வியில் அடக்கம். ஏரிப் பாசனம் இல்லாத மேட்டுத் துண்டுகளே பெரும்பாலும் பஞ்சமி நிலமாகக் கொடுக்கப்பட்டன. வண்டலின் தேவை அங்கேதான் அதிகம்.

யூரியா வந்த பிறகு வண்டல் எதற்கு என்பது இன்னொரு மறுப்பு. இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. தழைச்சத்தை மூட்டையில் வாங்கலாம். களியை வாங்க முடியாது. மணற்பாங்கான செம்மண்ணில் போட்ட உரம் அடுத்த மழையில் அடிமண்ணுக்கு இறங்கிவிடும், பிடித்து வைக்க ஏதாவது வேண்டும். இதைவிட வலுவான மறுப்பு, விவசாயமே போய்க்கொண்டிருக்கிறதே என்பது. மறைமலை நகரிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலைவரை ஆயக்கட்டு மனைகளாகிவிட்டது உண்மை. அப்படியானால் மண்ணின் பயணம் நின்றுவிட்டதா? கட்டடத்துக்காகக் கிளறிப் போட்ட தரையிலிருந்து மண் முன்பைவிட வேகமாகத்தான் ஏரிக்கு இறங்குகிறது. எடுத்துப் போகத்தான் ஆளில்லை. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதற்கு வண்டலை மட்டும் காரணம் காட்ட மாட்டேன். ஆக்கிரமிப்பும் அடையாற்றுக்குப் போகும் கால்வாய்களின் அடைப்பும் பெரிய காரணங்கள். ஆனால் மேலே ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் எவ்வளவு தண்ணீரை நிறுத்த முடியும் என்பதை அவற்றின் வயிற்றில் கிடக்கும் மண்ணும் தீர்மானிக்கிறது.

கடற்கரைப் பக்கம் கதை வேறு, காற்றின் கதை. மாமல்லபுரத்தை ஒட்டிய மணல்மேடுகளை அடம்புக்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் தாழையும் பனையும் பிடித்து வைத்திருந்தன. பிடி தளர்ந்த இடத்தில் மணல் நகரும். நகர்ந்த மணல் எதை வேண்டுமானாலும் மூடும். 2004 சுனாமிக்குப் பிறகு சாளுவன்குப்பத்தில் தொல்லியல் துறை தோண்டியபோது மணலுக்கடியிலிருந்து ஒரு முருகன் கோயிலே வெளியே வந்தது. கடற்கரைக் கோயிலின் சிற்பங்களை மணல் கலந்த காற்று அரிப்பதைத் தடுக்கச் சவுக்கு வைத்தார்கள். சவுக்கு இந்த மண்ணின் மரமல்ல. சென்னைக்கு விறகு வேண்டிப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கரையில் பெருகியது. ஆமை முட்டையிடும் மணலில் அதை நெருக்கி நடுவதை எதிர்ப்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அடம்பு படர்ந்த இடத்தை அப்படியே விட்டிருந்தால் சவுக்குக்குப் பல இடங்களில் வேலையே இருந்திருக்காது.

ஏரிக்குத் திரும்புவோம். குடிமராமத்து என்ற பழைய பெயரில் 2017 மார்ச்சில் அரசு ஒரு திட்டம் தொடங்கியது. தொடக்கவிழா நடந்தது மணிமங்கலத்தில்தான். மதுராந்தகம் ஏரியைத் தூர்வார அண்மையில் நூறு கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கப்பட்டது. இரண்டிலும் பேச்செல்லாம் எத்தனை கன அடி தண்ணீர் கூடும் என்பதே. தோண்டிய மண் எங்கே போயிற்று, அதில் களி எவ்வளவு, எத்தனை ஏக்கருக்குப் பரந்தது என்று கணக்கு வைத்தால்தான் அது ஏரிப் பராமரிப்பு. இல்லாவிட்டால் மண் வியாபாரத்துக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்வது கடினம். உழவரும் குயவரும் வட்டாட்சியர் அனுமதியோடு கட்டணமின்றி வண்டல் எடுக்கலாம் என்று 2024இல் விதி தளர்ந்திருக்கிறது. ஏக்கருக்கு நஞ்சையென்றால் 75 கன மீட்டர், புஞ்சையென்றால் 90. நிலம் வைத்திருப்பவர்கள் பங்குனிக்குள் மனுப்போட்டுவிடுவது நல்லது. சித்திரை போனால் ஏரிக்குள் வண்டி இறங்கும் நாள் அதிகம் இருக்காது. அனுமதித்த 75 கன மீட்டரையும் ஓர் ஏக்கரில் சமமாகப் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டர் கனம்கூட வராது.